பெரிய டிரேடுக்குப் பிறகு ஓர் அணிக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது?

நட்சத்திர வீரர் ஒருவரை டிரேடில், அதாவது அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றத்தில், பெற்ற பிறகு, அந்தக் கூடைப்பந்து அணியால் இன்னும் என்னென்ன மாற்றங்களைச் செய்ய முடியும் என்பதை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் மொத்தச் சம்பளத் தொகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானோ நடுத்தரச் சம்பளம் வாங்குபவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அடுத்த டிரேடில் சம்பளத் தொகையை ஈடுகட்ட உதவும் அவர்கள்தான் அணியின் கையிலிருக்கும் சில்லறை.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பீனிக்ஸ் சன்ஸ் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்ட்டைப் பெறுவதற்காக மிகல் பிரிட்ஜஸ், கேமரன் ஜான்சன் உள்ளிட்டோரையும், 2023, 2025, 2027, 2029 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் (புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள்) புரூக்ளின் அணிக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டுக் கோடையில் இன்னொரு பெரிய சம்பளக்காரரான பிராட்லி பீலும் வந்து சேர்ந்தார். 2024-25 பருவத்தில் டுரான்ட், பீல், டெவின் புக்கர் ஆகிய மூவரின் சம்பளம் மட்டுமே 15 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு ஓர் அணிக்கான சம்பள உச்சவரம்போ ஏறத்தாழ 14.06 கோடி டாலர்தான்.

உண்மையான இறுக்கம் இதற்கு மேலே இருக்கிறது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கான 'செகண்ட் ஏப்ரன்' எனப்படும் எல்லைக்கோடு அப்பருவத்தில் சுமார் 18.89 கோடி டாலர். அதைக் கடந்த அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி, அதற்கு ஈடாகப் பெரிய சம்பளக்காரர் ஒருவரைப் பெற முடியாது. அனுப்பும் தொகையைவிடக் கூடுதலான சம்பளத்தை ஏற்கவும் முடியாது. மயாமி அணியின் ஜிம்மி பட்லரை, அக்கோட்டைத் தாண்டியிருந்த பீனிக்ஸ் நாடுவதாகச் செய்திகள் வந்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. அவருடைய சம்பளம் சுமார் 4.88 கோடி டாலர். பீனிக்ஸ் தன் வீரர்களான யூசுப் நர்கிச்சின் 1.81 கோடியையும் கிரேசன் ஆலனின் 1.56 கோடியையும் சேர்த்துக் கணக்குக் காட்ட விதி இடம் தரவில்லை. டுரான்ட்டையும் புக்கரையும் விட்டுவிட்டால் ஈடுகொடுக்கக்கூடிய ஒரே ஒப்பந்தம் பீலுடையது. அதிலோ அவர் சம்மதமின்றி அவரை எங்கும் அனுப்பக்கூடாது என்ற பிரிவு இருந்தது. பட்லர் கோல்டன் ஸ்டேட் அணிக்குச் சென்றார். பீனிக்ஸ் 36 வெற்றி, 46 தோல்வியுடன் பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு வெளியே நின்றது.

ஆகவே, ஒப்பந்தத்தின் தொகையோடு அதிலுள்ள பிரிவுகளையும் அது முடியும் ஆண்டையும் படித்துவிடுங்கள். டிராஃப்ட் உரிமைகளிலும் எண்ணிக்கைக்கு மதிப்புண்டு: 2025 ஜனவரியில் பீனிக்ஸ் தன் 2031 முதல் சுற்று உரிமையை யூட்டா அணியிடம் கொடுத்து, மதிப்புக் குறைந்த மூன்று முதல் சுற்று உரிமைகளைப் பெற்றது. நோட்டைச் சில்லறையாக மாற்றிய அந்த நகர்வு, அந்த நெருக்கடியில் சரியானது என்றே நான் கருதுகிறேன். பீலை 2025 கோடையில் விடுவித்தபோது மிச்சத் தொகையை ஐந்து பருவங்களுக்குப் பரப்பினார்கள். அணியில் இல்லாத அவருக்காக 2029-30 வரை ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடி டாலர் அவர்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.