கூடாரச் சௌனா வாங்கும் முன் புகைபோக்கியைப் பாருங்கள்

கேள்வி: நான் திருப்பூர்க்காரன், வயது 46. ஆறு வருடமாகப் பின்லாந்தில் தம்பெரே நகரில் மென்பொருள் வேலை. எங்கள் குடியிருப்பில் மின்சார சௌனா, அதாவது சூடேற்றிய வியர்வைக் குளியல் அறை, இருக்கிறது, ஆனால் எங்கள் முறை வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளும்படி, விறகு அடுப்பு வைத்த கூடாரச் சௌனா ஒன்று வாங்க ஆசை. இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று சின்னது, விலை குறைவு, அடுப்பு உள்ளேயே இருக்கும், தரைவிரிப்பும் சேர்த்துத் தைத்தது. மற்றது பெரியது, விறகை வெளியில் நின்றே போடலாம், விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும் எடுக்கிறேன். மனைவிக்கு லேசான ஆஸ்துமா. மகனுக்கு 9 வயது. பொங்கல் முடிந்ததும் அப்பா வருகிறார். அவருக்கு 71 வயது, சர்க்கரை இருக்கிறது, மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். "கூடாரத் துணி மூச்சு விடும், புகைக்குப் பயப்படவே வேண்டாம்" என்கிறார் அலுவலக நண்பர். உடல்நலத்தை வைத்துப் பார்த்தால் எதை வாங்குவது? நம் ஊரில் வேது பிடிப்பது போலத்தானே இதுவும்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். பணம் இப்போது போதவில்லை என்றால் ஒரு குளிர்காலம் பொறுத்து வாங்குங்கள். முதல் கூடாரம் வேண்டாம்.

காரணத்தைச் சொல்லும் முன் ஒரு பழைய சம்பவம். நான் நீலகிரியில் வேலை பார்த்த காலத்தில், ஒரு டிசம்பர் விடியற்காலையில் சுற்றுலா வந்த குடும்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரிக் கங்கு அள்ளி அறைக்குள் வைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். முதலில் தலைவலி என்று சொன்னது பாட்டி. பயணக் களைப்பு, குளிர் காற்று என்று நினைத்து நெற்றியில் தைலம் தடவிப் படுக்க வைத்திருக்கிறார்கள். மற்றவர்களைக் காப்பாற்றினோம், பாட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தலைவலிதான் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை. உங்கள் கடிதத்தில் 'துணி மூச்சு விடும்' என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்தத் தைல வாசனைதான் நினைவுக்கு வந்தது.

விறகு முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. புகை கண்ணுக்குத் தெரியாததால் காற்று சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. தணலாகக் கிடக்கும் கங்குதான் இந்த வாயுவை அதிகம் விடும். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்குமே, அதை இதற்கு நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் போலவே படித்து 98, 99 என்று காட்டும்.

சௌனாவில் இன்னொரு சிக்கல் உண்டு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் துவளல், படபடப்பு ஆகிய எல்லாம் சூடு அதிகமானாலும் வரும், இந்த வாயுவாலும் வரும். உள்ளே உட்கார்ந்துகொண்டு எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே யாருக்குத் தலை வலித்தாலும் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். ஒருவருக்கு மேல் வலிக்கிறது என்றால், அல்லது வெளிக்காற்றில் நின்றும் தெளியவில்லை என்றால், 112-ஐ அழையுங்கள். கூடாரத்தில் விறகு எரிந்தது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருந்து இந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும்.

இப்போது துணிக்கு வருவோம். காய்ந்த பருத்திக் கூடாரம் ஓரளவு காற்றை விடும், உண்மைதான். சௌனாவில் துணி காய்ந்து இருப்பதில்லை. உள்ளே நீராவி, வெளியே உறைபனி. நனைந்த நூல் உப்பித் துணியின் நுண்துளைகளை அடைக்கிறது, அதன் மேல் பனிக்கட்டி படிகிறது. குளிர்காலக் கூடாரங்களின் அடியில் பாவாடை போல ஒரு மடிப்பு இருக்கும். காற்று புகாமலிருக்க அதன் மேல் பனியை அள்ளிப் போடுவார்கள். இரண்டு மூன்று அடுக்கு வைத்துத் தைத்த கூடாரமானால் கேட்கவே வேண்டாம். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த ஒன்றில் அவர் சொல்லைக் கேட்காதீர்கள்.

விறகை வெளியிலிருந்து போடும் அமைப்பை நான் விரும்புவதற்குக் காரணம், அடுப்பின் வாய் கூடாரத்துக்கு வெளியே இருக்கும் என்பதுதான். நெருப்புக்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து போகிறது, கதவைத் திறக்கும்போது வரும் புகையும் வெளியோடு போய்விடுகிறது. உங்கள் மனைவியின் ஆஸ்துமாவுக்கும் இதுவே நல்லது. வெதுவெதுப்பான ஈரக்காற்று ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு இதமாகத்தான் இருக்கும், மூச்சுக்குழாயைச் சுருங்க வைப்பது புகை. அவருடைய இன்ஹேலரைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். அது அழுத்தத்தில் அடைத்த குப்பி, 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. வெளியே, கைக்கு எட்டும் இடத்தில், உறைந்துபோகாதபடி கோட்டுப் பையில் இருக்கட்டும்.

அடுப்பின் வாய் வெளியே இருந்தாலும் உடல் உள்ளேதான் இருக்கிறது. மூட்டுகளில் இடைவெளி இருந்தால் வாயு கசியும். கடையில் புகைபோக்கியை முழுதாகக் கோர்த்துக் காட்டச் சொல்லுங்கள். துண்டுகள் இறுக்கமாகப் பொருந்த வேண்டும், மேல்முனை கூடாரத்தின் உச்சியைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், தீப்பொறியைத் தடுக்கும் வலை இருக்க வேண்டும். குழாய் துணியைத் துளைத்துப் போகும் இடத்தில் வெப்பம் தாங்கும் தனி வளையம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நைலானும் பாலியெஸ்டரும் 220, 260 டிகிரி வாக்கில் உருகிவிடும், எரியும் அடுப்பின் குழாய் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். காற்றுத் துளை இரண்டு வேண்டும். தரையை ஒட்டி அடுப்புப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒன்று. உள்ளே யார் இருந்தாலும் இரண்டும் திறந்தே இருக்கட்டும். சூடு கொஞ்சம் குறையும், குறையட்டும். புகைபோக்கியில் அடைப்புத் தகடு இருந்தால், சூட்டைத் தக்கவைக்க நினைத்துக் கங்கு சிவந்திருக்கும்போது அதை மூடவே கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வாங்குங்கள், ஐரோப்பியத் தரக்குறி ஈ.என் 50291 இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதைச் சௌனாவின் உச்சியில் தொங்கவிடாதீர்கள். 80, 90 டிகிரிக்கும் நீராவிக்கும் அந்தக் கருவிகள் செய்யப்படவில்லை. எவ்வளவு சூட்டில் வேலை செய்யும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் அது சாதாரண அறைச் சூட்டை ஒட்டியே இருக்கும். வாசலருகே, தாழ்வாக, சூடு குறைந்த இடம் பார்த்து வையுங்கள். அலாரம் இருக்கிறதே என்று காற்றுத் துளையை மூடிவிட வேண்டாம்.

சின்னக் கூடாரம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் முழங்கால். நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்தால் யாராவது ஒருவரின் முழங்கால் அடுப்பை உரசும். மயங்கி விழுபவர் எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்ல முடியாது. ஆகவே இடம் தாராளமாக இருக்கட்டும், அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பும் வையுங்கள். வாசல் ஜிப்பை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே இழுப்பில் திறக்க முடிகிறதா என்று மகனை விட்டுத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தைத்த தரைவிரிப்பும் வேண்டாம். தண்ணீர் தேங்கி வழுக்கும், கீழிருந்து வரும் காற்றையும் அடைக்கும். மண் தரையில் மரப்பலகை போட்டால் போதும்.

அடுப்பின் மேல் அடுக்கிச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றும் சௌனாக் கற்களை ஆற்றங்கரையில் பொறுக்காதீர்கள். உள்ளே ஈரம் சிறைப்பட்ட கல் சூட்டில் வெடித்துச் சிதறும், முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும். சௌனாவுக்கென்று விற்கும் ஒலிவின் டயபேஸ் கற்களை வாங்கிக்கொள்ளுங்கள். புது அடுப்பை முதல் முறை கூடாரத்துக்கு வெளியே வைத்து நன்றாக எரித்துவிடுங்கள், பூச்சும் எண்ணெயும் கருகும் அந்தப் புகையை யாரும் சுவாசிக்க வேண்டாம். விறகு உலர்ந்த பிர்ச் மரமாக இருக்கட்டும். பெயிண்ட் அடித்த பலகை, மருந்தேற்றிய வேலிக்கட்டை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

வேது பிடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டும் வேறு. போர்வைக்குள் முகத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஆவி காட்டுவது வேது. சௌனாவில் உடம்பு முழுதும் 80 முதல் 100 டிகிரிக் காற்றில் உட்கார்கிறது. கல்லில் தண்ணீர் ஊற்றியதும் மேலே வந்து அடிக்கும் அந்த ஆவி அலையைப் பின்லாந்துக்காரர்கள் 'லோய்லு' என்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் சூடு மட்டுமல்ல, உட்கார்ந்து பேசாமலிருக்கும் ஒரு மரியாதை. 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பின்லாந்தின் சௌனாப் பண்பாட்டைச் சேர்த்ததில் வியப்பில்லை. ஒரு வேண்டுகோள்: ஊரிலிருந்து வந்த நீலகிரித் தைலத்தைக் கல்லில் நேராக ஊற்றிவிடாதீர்கள். அது எளிதில் தீப்பற்றும் எண்ணெய். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு போதும், ஆஸ்துமா இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். கற்பூரம் கூடவே கூடாது.

சௌனாவால் இதயத்துக்கு நல்லதா என்றால், ஊக்கம் தரும் ஆய்வு நீங்கள் இருக்கும் பின்லாந்திலேயே நடந்திருக்கிறது. குவோபியோ வட்டாரத்தில் நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை சௌனா போனவர்களோடு ஒப்பிட்டால், வாரம் 4 முதல் 7 முறை போனவர்களில் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அவர்கள் சௌனாவிலேயே வளர்ந்தவர்கள், அடிக்கடி சௌனா போகும் அளவுக்கு உடம்பு நன்றாக இருந்தவர்கள். சௌனாதான் காப்பாற்றியது என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் மாத்திரைக்கு மாற்றாகவும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்லோடிபின் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, சூடும் அதையே செய்கிறது. ரத்தத்தில் பெரும்பங்கு தோலுக்கு ஓட, நாடித் துடிப்பு 100-ஐத் தாண்டி 150 வரை போகலாம். ஒரு அமர்வில் அரை லிட்டர் வியர்ப்பது சாதாரணம். இந்த நிலையில் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். எழும் முன் தாழ்ந்த முக்காலியில் இரண்டு நிமிடம் உட்காருங்கள், கால்களை அசையுங்கள், பிறகு எழுங்கள். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். மாத்திரையைச் சௌனாவுக்குச் சற்று முன் விழுங்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வெளியே வந்ததும் உறைந்த ஏரியில் வெட்டிய துளைக்குள் இறங்குவதை நண்பர்கள் பெருமையாகச் செய்வார்கள். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்தக் குளிர் ஒரே நொடியில் அழுத்தத்தை ஏற்றிவிடும், அதனால் நீங்கள் இறங்க வேண்டாம். குளிர்ந்த காற்றில் நின்றாலே உடம்பு ஆறிவிடும். மது ஒரு மிடறுகூட வேண்டாம். பின்லாந்திலேயே சௌனா மரணங்களில் ஏறத்தாழப் பாதி மது குடித்திருந்தவர்களுடையது.

மகன் கீழே தாழ்ந்த பலகையில் உட்காரட்டும். கூடாரத்தில் தலைக்கு 90 டிகிரி இருக்கும்போது காலுக்கு முப்பதுதான் இருக்கும். போதும் என்று அவன் சொன்ன நொடியே வெளியே அனுப்புங்கள், இன்னும் கொஞ்ச நேரம் என்று பிடித்து வைக்காதீர்கள்.

சௌனா முடிந்ததும் கூடாரம் கதகதப்பாக இருக்கிறதே என்று அங்கேயே படுக்க ஆசை வரும். படுக்காதீர்கள். பின்லாந்து ராணுவத்தில் அடுப்பு எரியும் கூடாரத்தில் வீரர்கள் தூங்கும்போது ஒருவர் மட்டும் முறை வைத்து விழித்திருப்பார். அவருக்குப் பெயரே தீப்பொறிக் காவலர். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரை இரவெல்லாம் விழிக்க வைக்கவா போகிறீர்கள்?

அப்பாவைப் பற்றி. ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகி, நெஞ்சுவலி இல்லாமல், மாடிப்படி ஏறி இறங்குகிறார் என்றால் மென்மையான சௌனா பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் அவர் விமானம் ஏறும் முன் ஊரில் இதய மருத்துவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கி வரட்டும். படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, இதய வால்வு சுருங்கியிருக்கிறது, சமீபத்தில் மாரடைப்பு வந்தது என்றால் கூடாரத்துக்குள் போகவே வேண்டாம். நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவரானால் சூட்டோடு சேர்ந்து அழுத்தம் சட்டென இறங்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால், சூட்டில் அது வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரையைத் தாழ்த்தும். உள்ளே போகும் முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை பரிசோதியுங்கள், இன்சுலின் பேனா வீட்டிலேயே இருக்கட்டும். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்திருக்கும், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியும். முதல் நாள் வாசல் துணியைப் பாதி சுருட்டி வைத்து, அடுப்பிலிருந்து தள்ளி, தாழ்ந்த முக்காலியில், காலில் மரச்செருப்போ தடித்த செருப்போ போட்டு, ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். வெளியே வந்ததும் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் கொடுங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மட்டும் உப்பு, இல்லையென்றால் வெறும் மோர். நீரைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால் அவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.