ஜாடிப் படத்துக்குச் சான்றிதழ் வாங்கலாமா?

பாரிஸில் இருக்கும் வாசகி ஒருவர் பழைய பொருள் சந்தையில் அலங்கார ஜாடிப் படம் ஒன்று வாங்கியிருக்கிறார். வெள்ளாட்டுத் தலை, திராட்சைக் கொடி, கீழே டெல்லா பெல்லா என்ற பெயர். இது டெல்லா பெல்லாவே தன் கையால் வரைந்தது, சின்னங்களில் ரகசியம் இருக்கிறது, 300 யூரோ தந்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறாராம் ஒரு தரகர். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் அச்சுப் படம். ஸ்டெஃபானோ டெல்லா பெல்லா இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் ஊர் ஓவியர், 1639 முதல் 1650 வரை பாரிஸில் இருந்தவர். அந்தக் காலத்தில் ஜாடி வடிவங்களைச் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து, அச்சடித்து வெளியிட்டார். பெயருக்குப் பக்கத்து வார்த்தையைப் பாருங்கள். 'இன்வெனிட்' என்றால் வடிவத்தை யோசித்தவர், 'ஃபெசிட்' என்றால் செய்தவர், 'எக்ஸ்குடிட்' என்றால் வெளியிட்டவர். இந்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் காட்டி விற்பவர்களை நான் பார்த்துச் சலித்துவிட்டேன். தாளின் ஓரத்தை வெட்டாமல் இருந்தால், படத்தைச் சுற்றித் தடவும்போது தகட்டு விளிம்பு அழுத்திய பள்ளம் தட்டுப்படும். பூதக்கண்ணாடியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அவருடைய ஜாடி அச்சுகளைக் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் படம் அதற்கு இடவலம் மாறி இருந்தால், தகட்டுக்கு முன் வரைந்த மூலப்படம் என்று தரகர் குதிப்பார். தகட்டில் உள்ளது தாளில் மாறி விழும் என்பது உண்மைதான். ஆனால் வேறொருவர் அச்சைப் பார்த்துத் தகட்டில் அப்படியே கீறி நகல் எடுத்தாலும் மாறித்தான் வரும். மை காயாத அச்சின் மேல் வேறு தாளை ஒற்றி எடுத்தாலும் மாறும், அப்போது எழுத்தும் சேர்ந்து மாறும். ஆகவே படம் மாறியிருந்து எழுத்து நேராக இருந்தால் அது நகல் அச்சு. எழுத்தே இல்லாமல், வரைந்த கோடுகளின் மேல் கூர்முனையால் அழுத்திக் கீறிய தடம் தெரிந்தால்தான் நிபுணரிடம் போக வேண்டும்.

சின்னங்களில் ரகசியம் எதுவும் இல்லை. ஆடும் திராட்சையும் மதுவின் தெய்வமான பாக்கஸுக்கு உரியவை. வேறு ஜாடிகளில் கதிர் வீசும் சூரிய முகம் என்றால் பிரெஞ்சு அரசன் 14ஆம் லூயி. அவனுடைய வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் சிற்பி கோய்செவோ செதுக்கிய போர் ஜாடியில் துருக்கியரை வென்ற பெருமை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. அரசனின் புகழ் ஊருக்குத் தெரியத்தானே செய்தார்கள்.

அப்புறம், பிரான்ஸில் 1981இலிருந்தே ஓர் ஆணை இருக்கிறது: பொருளின் தன்மை, தோற்றம், பழமை பற்றி விற்பவர் சொன்னதை, வாங்குபவர் கேட்டால், ரசீதில் எழுதித் தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், கேட்கலாம் என்று யாரும் சொல்வதில்லை, எனக்கு எரிச்சலே அதுதான். ரசீதில் 'தாப்ரே' என்று எழுதினால் ஓவியர் யார், காலம் எது என்ற இரண்டுக்குமே அவர் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். தரகரை விடுங்கள், இந்த வாரமே விற்றவரிடம் போய் அந்த ரசீதைக் கேளுங்கள்.