நார்த் ஃபேஸ்: பெயர் வந்த கதை, கேள்வி பதில்

கே: நார்த் ஃபேஸ் ஜாக்கெட்டின் பெயர் எந்த மலையின் வடக்கு முகம்?

ப: தனியாக ஒரு மலை இல்லை. எந்த மலைக்கும் ஒரு வடக்குப் பக்கம் உண்டல்லவா, அதுதான். கடக ரேகையைத் தாண்டிவிட்டால் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். செங்குத்தான மலை என்றால் தெற்குச் சரிவில் வெயில் அடிக்கும், வடக்குச் சரிவு பெரும்பாலும் நிழலிலேயே கிடக்கும். அங்கே பனி எளிதில் உருகாது, பாறையில் ஐஸ் ஒட்டியிருக்கும். மலையேறிகளை அதிகம் சோதிக்கும் பக்கம் அது. டக்ளஸ் டாம்ப்கின்ஸும் அவர் மனைவி சூசியும் 1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் மலையேற்றச் சாமான் விற்கும் சின்னக் கடை திறந்தபோது இந்தப் பெயரை வைத்தார்கள். மலை ஏறிப் பழகியவருக்குப் பெயரைக் கேட்டதுமே உடம்பு சிலிர்க்கும். கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: பெயர் வேறு, லோகோ வேறு. லோகோ 1971-ல்தான் வந்தது. அதில் இருப்பது கலிபோர்னியாவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறை.

கே: கடை இருந்த இடம் சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதி. அதிலிருந்து வந்ததா?

ப: இல்லை. 'நார்த் ஃபேஸ்' அதற்கு முன்பே மலையேறிகள் பேச்சில் இருந்த சொல்.

கே: சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று படித்தேன்.

ப: ஐகரின் வடக்குச் சுவர் புகழ்பெற்றது, சரி. 1938-ல்தான் முதன்முதலாக அதில் ஏறி முடித்தார்கள். அதற்கு முன் அங்கே பலர் இறந்ததால் ஜெர்மன்காரர்கள் 'நார்ட்வாண்ட்' (வடக்குச் சுவர்) என்பதை 'மோர்ட்வாண்ட்', அதாவது கொலைச்சுவர் என்று திரித்துச் சொன்னார்கள். ஆல்ப்ஸ் மலைகளான மேட்டர்ஹார்னுக்கும் கிராண்ட் ஜோராஸுக்கும் இதே போல் பேர்போன வடக்கு முகங்கள் உண்டு. நிறுவனம் பெயருக்குச் சொல்லும் விளக்கம் பொதுவானது, ஐகரை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கே: என் ஜாக்கெட்டை வாஷிங் மெஷினில் போடலாமா?

ப: உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள்.

கே: தென் அமெரிக்காவில் வடக்கு முகம்தானே வெயில் பக்கம்? அப்படியானால் பெயரே தப்பு.

ப: தப்பில்லை, பாதி உலகத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். அர்ஜென்டினாவின் அகான்காகுவா மலையில் மலையேறிகள் அஞ்சுவது தெற்கு முகத்தை. 1954-ல் பிரெஞ்சுக் குழு அதில் ஏறியது.

கே: அதைத்தான் நானும் சொல்கிறேன். டாம்ப்கின்ஸுக்கு இது தெரியாதா?

ப: நன்றாகவே தெரிந்திருக்கும். 1968-ல் அவர் கடையை விற்றுவிட்டு, நண்பர்களோடு கலிபோர்னியாவிலிருந்து வேனில் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள படகோனியா வரை போய் ஃபிட்ஸ் ராய் சிகரத்தில் ஏறினார். கூடப் போன இவான் ஷுவினார் 1973-ல் தன் உடை நிறுவனத்துக்குப் 'படகோனியா' என்று பெயர் வைத்தார், அதன் லோகோவில் இருப்பதும் ஃபிட்ஸ் ராய் மலைத்தொடர்தான். டாம்ப்கின்ஸ் பிற்காலத்தில் சிலியிலேயே குடியேறி, காடுகளை வாங்கிப் பாதுகாத்தார். 2015-ல் அங்குள்ள ஏரியில் கயாக் படகு கவிழ்ந்து, தண்ணீரின் குளிரில் உடல் வெப்பம் இழந்து இறந்தார். வடக்கு முகம் என்றால் வெயில் பக்கம் என்கிற நாட்டில்தான் கடைசிவரை வாழ்ந்தார்.

கே: லோகோவில் இருப்பது எவரெஸ்டா?

ப: ஹாஃப் டோம். முதல் பதிலிலேயே இருக்கிறது.

கே: அப்போது நிறுவனத்தின் பெயர் ஹாஃப் டோமிலிருந்து வந்ததுதானே?

ப: இல்லை. பெயர் 1966, லோகோ 1971.