"லியனார்டும் திரும்பி வந்தாரே" என்கிறான் தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே பாக்சிங்தான் உயிர். 66 கிலோவில் மாநிலப் போட்டிகள் வரை போயிருக்கிறான். எட்டு மாசத்துக்கு முன்னால் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) முடித்து வீட்டுக்கு வந்தவன், இடது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் பறக்கின்றன, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்றான். ரெட்டினா (விழித்திரை) விலகிவிட்டது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். பார்வை ஓரளவு திரும்பிவிட்டது. இப்போது ஒருவர், "புரொஃபஷனலாக மாறு, வெல்டர்வெயிட்டில் ஃபைட் பிடித்துத் தருகிறேன், ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். நான் வேண்டாம் என்றால், "சுகர் ரே லியனார்டுக்கும் இதே ஆபரேஷன்தான், அவர் திரும்பி வந்து ஹாக்லரையே ஜெயித்தார்" என்று வாயை அடைத்துவிடுகிறான். அது உண்மையா? அவனை என்ன சொல்லித் தடுப்பது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அக்கா, வடசென்னை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தம்பி சொல்வது உண்மை. முதலில் அதை அவரிடம் ஒத்துக்கொண்டுவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் "அதெல்லாம் கட்டுக்கதை" என்று ஆரம்பித்தால் அவர் போனை எடுத்து வீடியோவைப் போட்டுக் காட்டுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும். 1987 ஏப்ரல் 6ஆம் தேதி லாஸ் வேகாஸில் அப்போதைய மிடில்வெயிட் உலக சாம்பியன் மார்வின் ஹாக்லரை 12 ரவுண்டில் அமெரிக்க பாக்சர் லியனார்ட் ஜெயித்தார், மூன்று ஜட்ஜுகளில் இரண்டு பேர் அவர் பக்கம். ஆனால் தம்பி அந்தக் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். அவர் யாரை உதாரணம் காட்டுகிறாரோ அந்த மனிதரின் வாழ்க்கையையே முழுசாக எடுத்து அவர் முன்னால் வையுங்கள். தடுக்க வேறு ஆயுதம் தேட வேண்டியதில்லை.

வெல்டர்வெயிட் என்றால் 147 பவுண்டு, ஏறக்குறைய 66.7 கிலோ வரையிலான எடைப் பிரிவு. அந்த எடையில் லியனார்ட் ஆடிய சண்டைகளில் பெரியது 1981 செப்டம்பர் 16இல் தாமஸ் ஹெர்ன்ஸோடு நடந்தது. சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் திறந்தவெளியில் போட்ட ரிங், அன்றைக்கெல்லாம் பட்டப் போட்டி என்றால் 15 ரவுண்டு. 12ஆவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது அவருடைய இடது கண் வீங்கிக் கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. பாயின்ட்டில் ஹெர்ன்ஸ் முன்னால். கோச் ஏஞ்சலோ டண்டி முகத்துக்கு நேராகக் குனிந்து, கையிலிருப்பதைக் கோட்டை விடுகிறாயே மகனே என்று கத்தினார். எழுந்து போன லியனார்ட் 13ஆவது ரவுண்டில் ஹெர்ன்ஸைக் கயிற்றுக்கு வெளியே தள்ளி, 14ஆவதில் சண்டையையே முடித்தார். தம்பி அந்தக் காட்சியை நூறு தடவை பார்த்திருப்பார். அந்தக் கண்ணை ஒரு தடவை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு எட்டு மாசம் கழித்து, 1982 மே மாதம், அடுத்த பட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, உங்கள் தம்பிக்கு வந்த அதே கறுப்புப் புள்ளிகள் அவருக்கும் இடது கண்ணில் வந்தன. ஹெர்ன்ஸ் சண்டைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, விழித்திரை ஒரே அடியில்தான் கழன்று வர வேண்டும் என்றில்லை, பல வருஷம் வாங்கியது சேர்ந்து ஒருநாள் வெளியே தெரியும். போட்டியை ரத்து செய்துவிட்டு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அப்போது அவருக்கு 25, 26 வயது, தம்பியின் வயதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக சாம்பியன் வேறு.

அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் தம்பி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அந்த வருஷம் நவம்பர் 9இல் பால்டிமோரில் ஒரு விழா நடத்தி, ஹாக்லரையும் கூப்பிட்டு மேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லோரும் இதோ ஹாக்லரோடு மோதப்போகிறேன் என்று அறிவிக்கப்போகிறார் என்று காத்திருக்க, அந்தச் சண்டை நடக்கவே நடக்காது, நான் விலகிக்கொள்கிறேன் என்றார். இரண்டு வருஷம் ரிங்கில் ஏறவில்லை. 1984இல் மனசு மாறி கெவின் ஹோவர்டோடு ஒரு சண்டைக்கு ஒப்புக்கொண்டபோது, அதற்கு முன்னால் கண்களைச் சோதித்தவர்கள் இந்த முறை வலது கண்ணிலும் பழுது கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் செய்த கண் இல்லை, நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிய கண்! அதற்கு ஒரு சிறிய சிகிச்சை செய்து, சண்டையைப் பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மே 11இல் ஏறினார், 4ஆவது ரவுண்டில் புரொஃபஷனல் வாழ்க்கையில் முதல் முறையாகக் கீழே விழுந்தார், 9ஆவதில் எப்படியோ ஜெயித்தார், ஜெயித்த கையோடு மறுபடியும் ஓய்வு என்று சொல்லிவிட்டார். ஹாக்லர் சண்டை அதற்கும் மூன்று வருஷம் கழித்து. ஆக ஆபரேஷனுக்கும் அந்த வெற்றிக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் இருக்கிறது. தம்பிக்கு ஆகியிருப்பது எட்டு மாசம்.

இதை மட்டும் சொன்னால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். இந்தக் காலத்தில் சிகிச்சை முன்னேறியிருக்கிறது, சீக்கிரம் திரும்பியவர்களும் உண்டு. வெல்டர்வெயிட்டிலேயே எரோல் ஸ்பென்ஸ் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவோவோடு மோத வேண்டியவர். சண்டைக்குச் சில நாள் முன்னால் லாஸ் வேகாஸில் நடந்த கட்டாய மருத்துவப் பரிசோதனையில் இடது விழித்திரையில் கிழிசல் என்று தெரிந்து விலக்கிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக உகாஸ் என்ற வீரர் இறங்கி பாக்கியாவோவை ஜெயித்தார். ஆபரேஷன் முடிந்து 2022 ஏப்ரலில் திரும்பிய ஸ்பென்ஸ் அதே உகாஸை 10ஆவது ரவுண்டில் நிறுத்தினார். அவ்வளவு பெரிய பணம் புரளும் சண்டையை நிறுத்த அங்கே ஒரு பரிசோதனையும், "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஆட்களும் இருந்தார்கள். தம்பிக்கு ஃபைட் பிடித்துத் தருகிறேன் என்பவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: என் தம்பி கண்ணை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், அவர் வேண்டாம் என்றால் நிறுத்துவீர்களா? பிபி பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரும் ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட்டை நீட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. லியனார்ட் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதும், போதும், காலேஜுக்குப் போகிறேன் என்றவர்தான். அப்பா படுத்த படுக்கையானார், அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, வீட்டுக்காகப் புரொஃபஷனல் ஆனார். மைக் டிரெய்னர் என்ற வக்கீல் தனக்குத் தெரிந்தவர்களிடம் 21,000 டாலர் திரட்டிக் கொடுத்தார், கடனாக, வருமானத்தில் பங்காக இல்லை. 1977 பிப்ரவரியில் முதல் சண்டையிலேயே சுமார் 40,000 டாலர் வந்தது, கடனை அடைத்தாயிற்று. அதற்குப் பிறகு அவருக்கு அவரே முதலாளி. அதனால்தான் கண் போனபோது "நான் நிறுத்துகிறேன்" என்று சொல்ல அவருக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டாம் வருஷம் கண்ணில் திரை விழுந்தால் தம்பியால் அப்படிச் சொல்ல முடியுமா? அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடக் கூடாது. மருத்துவக் காரணத்தால் விலகினால் எந்தப் பணமும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. 1979 நவம்பரில் லியனார்ட் முதல் உலகப் பட்டத்தை யாரிடமிருந்து பறித்தார் தெரியுமா, வில்ஃபிரெட் பெனிடெஸ். 17 வயதில் உலக சாம்பியனான பையன், அடியை வாங்காமல் தலையை நகர்த்துவதில் அவருக்கு இணையே கிடையாது என்பார்கள். அந்தச் சண்டை 15ஆவது ரவுண்டு முடிய ஆறு வினாடி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் ஆடினார். இன்று அவருக்கு மூளை பாதிக்கப்பட்டு, சாப்பிடுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். முன்பு அம்மா பார்த்துக்கொண்டார், அப்புறம் கூடப் பிறந்த சகோதரி. உங்கள் கடிதத்தின் கீழே "அக்கா" என்று படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பெண்மணிதான் நினைவில் நிற்கிறார். தம்பியிடம் இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லாதீர்கள். இந்த முடிவில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, உங்களையும் கேட்கத்தான் வேண்டும் என்று சொல்வதற்காகச் சொல்லுங்கள்.

ஆனால் நிறுத்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கையில் பணமும் டிவி வேலையும் இருந்தும் லியனார்ட் அந்த ஓய்வு வருஷங்களில் குடியிலும் கோகெய்னிலும் விழுந்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 40 வயதில்கூட, 1997இல், கமாச்சோவோடு மோதி 5ஆவது ரவுண்டில் தோற்றார். விட முடியவில்லை, அவ்வளவுதான். பத்து வருஷமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து கையில் பேண்டேஜ் சுற்றிய பையனிடம் நாளையிலிருந்து அது இல்லை என்றால் அந்த ஐந்து மணிக்கு அவர் எங்கே போவார்? அவருடைய கோச்சைப் போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பேட் பிடிக்க, ஃபுட்வொர்க் சொல்லித்தர, ஒரு இடம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். தலையில் அடி வாங்காமல் ஜிம்முக்குள் இருக்க வழி உண்டு என்று தெரிந்தால் அவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வார்.

நான் டாக்டர் இல்லை. அதனால் அடுத்த முறை கண் டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போய், தம்பியை வைத்துக்கொண்டே கேளுங்கள்: ஆபரேஷன் செய்த விழித்திரை முழுசாக ஒட்டியிருக்கிறதா, வலது கண்ணில் மெலிந்த இடம் ஏதாவது இருக்கிறதா, முகத்தில் குத்து வாங்கலாம் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? தம்பிக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி உண்டென்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், பவர் அதிகமாக இருந்தால் விழித்திரை விலகும் வாய்ப்பும் கூடும். கடைசிக் கேள்விக்கான பதில் உங்கள் வாயிலிருந்து வராமல் அந்த டாக்டர் வாயிலிருந்து வரட்டும்.

அதுவரை ஸ்பாரிங் கிடையாது என்று ஒரு வாக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் பல் விளக்கியதும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருக்கும் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் மற்றக் கண். புதிதாகப் புள்ளிகளோ மின்னல் மாதிரி வெளிச்சமோ ஓரத்தில் நிழலோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.