லூதியானாவில் ஜெயித்த மதுரை

கேள்வி: பெண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் இந்த வருடமும் வந்தது, முடிந்தது. மைதானத்தில் ஆளே இல்லை. முதலில் கூட்டம் சேரட்டும், அப்புறம் பணம் போடலாம் என்பதுதானே நியாயம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நியாயம் இல்லை. கடையைத் திறக்காமலேயே வியாபாரம் இல்லை என்று சொல்வதைப் போலிருக்கிறது இது.

நீங்கள் திண்டுக்கல்காரர். உங்கள் ஊருக்குக் கால்பந்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பக்கத்து ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2019-ல் நீங்கள் சொல்லும் இந்த லீக்கை, அதாவது இந்திய மகளிர் லீக்கை, வென்ற அணி மதுரையின் சேது எஃப்.சி. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்தார்கள். நாட்டின் சாம்பியன் பட்டம் மதுரைக்கு வந்தது. ஆனால் ஆட்டம் நடந்தது லூதியானாவில், மே மாதத்துப் பஞ்சாப் வெயிலில். மதுரையிலிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். மதுரைக்காரர் எப்படிப் போய்க் கை தட்டுவார்? லூதியானாக்காரர் மதுரைக்கு எதற்காகக் கை தட்டுவார்?

இது அந்த ஒரு வருடத்துக் கதை மட்டும் இல்லை. முதல் சீசனின் இறுதிச் சுற்று 2017-ல் டெல்லியில் நடந்தது; ஆறு அணிகள், 18 நாள், கதை முடிந்தது. அடுத்து ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத். ஆறு சீசன்கள் இப்படி எல்லா அணிகளையும் ஏதாவது ஓர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆட வைத்தார்கள். தன் ஊரில் ஓர் ஆட்டம், எதிரணியின் ஊரில் ஓர் ஆட்டம் என்ற முறை, அதாவது லீக் என்றால் உலகம் முழுக்க எதைச் சொல்கிறார்களோ அது, இங்கே 2023-24-ல்தான் வந்தது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி கோப்பையை வாங்கிய 2024-25 சீசன், அந்த முறையில் நடந்த இரண்டாவது சீசன். இரண்டே வருடம் ஆன ஒன்றிடம் 'கூட்டம் எங்கே?' என்று கேட்கிறீர்கள்.

கேட்கலாம், தப்பில்லை. ஆனால் ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல ஆட்டங்கள் பிற்பகல் மூன்றரை மணிக்கு. வார நாளில் அந்த நேரத்துக்கு யார் வர முடியும்? பள்ளிக்கூடம் விட்டிருக்காது, ஆபீஸ் முடிந்திருக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024-25-ல் எட்டு அணிகள். ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 90 நிமிடம் என்றால் மொத்தம் 21 மணி நேரம். ஒருத்தி ஓர் ஆட்டம் விடாமல், ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடினாலும் நாட்டின் முதல்தர லீக் அவளுக்கு வருடத்துக்குத் தருவது ஒரு நாளுக்கும் குறைவு. அதே சீசனில் ஆண்களின் முதல்தர லீக்கான ஐ.எஸ்.எல்.லில், லீக் சுற்றுக்குப் பிறகு வரும் பிளே-ஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமலே, ஒவ்வோர் அணியும் 24 ஆட்டங்கள் ஆடின. இந்த 21 மணி நேரத்துக்குள்தான் உகாண்டாவின் ஃபசிலா இக்வாபுட் கோகுலம் கேரளா அணிக்காக 24 கோல் அடித்தார். அப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரி நம் நாட்டில் ஆடுகிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி கிரவுண்டில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெண். வலது பூட்ஸின் முன்பக்கம் பிளந்திருந்தது. வெள்ளை பிளாஸ்திரியால் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். பந்தை உதைக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. குனிந்து அழுத்தி ஒட்டிவிட்டு மறுபடி ஓடினாள். அம்மா வயர் கூடையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆட்டம் எப்போதம்மா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "தேதி இன்னும் வரல சார்" என்றாள். அம்மா என்னைக் கேட்டார்: "ஏங்கய்யா, வருஷத்துல மூணு மாசம் ஆட்டம். மிச்ச மாசத்துக்கு இவ என்ன பண்ணுவா?"

என்ன பண்ணுவார்கள் என்று சொல்கிறேன். முடிந்தவர்கள் அரசு வேலைக்குப் போவார்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர். சேது அணிக்கும் ஆடியிருக்கிறார். அவர் தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். பெருமையான விஷயம்தான். ஆனால் ஊரடங்கு முடிந்ததும் பந்தைத் தேடி வர முடிந்தது என்றால் காரணம் காக்கிச் சட்டை, லீக் இல்லை. அந்த வேலை கிடைக்காதவர்கள் கல்யாணத்தோடு நின்றுபோகிறார்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023-ல் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஒவ்வோர் அணியிலும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருடத்துக்கு 3.20 லட்சம் ரூபாயாவது சம்பளம். மாதத்துக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். 'எவ்வளவு செலவு!' என்று நாம் மலைப்பது இந்தத் தொகையைப் பார்த்துத்தான்.

அந்தச் செலவுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். உலகத் தரவரிசையில் அப்போது நாம் 70, தாய்லாந்து 46. ஆட்டம் அவர்கள் மண்ணில். சங்கீதா பாஸ்ஃபோர் 28-வது நிமிடத்தில் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஒன்று, 74-வது நிமிடத்தில் தலையால் முட்டி இன்னொன்று. 2-1. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது அதுதான் முதல் தடவை. சங்கீதா அந்த சீசனில் ஆடியது ஈஸ்ட் பெங்காலுக்கு. நீங்கள் ஆளில்லை என்று சொன்ன அதே லீக்கில்.

கூட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். மறு வருடமே அந்த நாட்டுச் சம்மேளனம், தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதென்று தடை போட்டது. தடை நீங்க ஐம்பது வருடம் ஆயிற்று. கூட்டத்தைக் காட்டு என்று கேட்பவர்கள், கூட்டம் வந்தபோது செய்தது இது.

எனவே முதலில் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். சீசன் தேதிகளை ஆறு மாதம் முன்னாலேயே சொல்லட்டும். அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஆட்டங்களை எட்டு மாதத்துக்குப் பரப்பி, சனி ஞாயிறு மாலையில் விளக்கு வெளிச்சத்தில், அந்தந்த அணியின் ஊரில் வைக்கட்டும். இப்படி ஐந்து வருடம் நடத்திய பிறகும் மைதானம் காலியாக இருந்தால் இதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள், அச்சிடுகிறேன்.

அடுத்த சீசன் அட்டவணை கைக்கு வந்ததும் சேது அணியின் ஆட்டங்களை இந்தப் பக்கத்தில் தேதி, நேரத்தோடு போடுகிறேன். நம் பக்கத்தில் ஓர் ஆட்டம் இருந்தால் வாருங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவளையும் கூட்டி வாருங்கள்.