லீட் டைம்: எதிலிருந்து எதுவரை?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பது என் வேலை. 'லீட் டைம்' என்ற சொல் எங்கள் மெயில்களில் வராத நாளே இல்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, இப்போதுதான் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருக்கிறேன். பையர் "வாட் இஸ் யுவர் லீட் டைம்?" என்று கேட்டிருக்கிறார். தேதியைச் சொல்ல வேண்டுமா, நாள் கணக்கைச் சொல்ல வேண்டுமா?

நாள் கணக்கைத்தான் சொல்ல வேண்டும் தம்பி. ஒரு வேலையைத் தொடங்கச் சொன்னதிலிருந்து அது கைக்கு வந்து சேரும்வரை ஆகும் மொத்தக் காலம்தான் லீட் டைம். தேதியைச் சொன்னால் அது டெலிவரி டேட்.

ஆனால் "60 டேஸ்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதே. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். பையர் ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணுவார். நீயோ பிபி சாம்பிள், அதாவது மொத்த உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி ஆடை, அப்ரூவ் ஆன நாளிலிருந்து எண்ணுவாய். நடுவில் லேப் டிப் (சாய நிறம் பார்க்க அனுப்பும் சிறு துணி மாதிரி) இரண்டு தடவை திரும்பி வந்திருந்தால், அந்த நாட்கள் யார் கணக்கு? முடிவும் அதே மாதிரிதான். அவர் தன் கிடங்குக்குச் சரக்கு வரும் நாளை நினைத்திருப்பார், நீ ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் நாளை நினைத்திருப்பாய். அதனால் இப்படி எழுது: "தி லீட் டைம் இஸ் 60 டேஸ் ஃப்ரம் பிபி சாம்பிள் அப்ரூவல், எக்ஸ்-ஃபேக்டரி." தொடக்கமும் முடிவும் அந்த ஒரு வரியிலேயே வந்துவிடும்.

கடல் பயணத்தைத் தனியாகச் சொல்வதுதான் பாதுகாப்பு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா போகும் பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பத்து நாளுக்கு மேல் கூடியது. தையல் லைனில் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாதவர்களும் அப்போது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உச்சரிப்பு லெட் டைமா, லீட் டைமா?

லீட். ஈய உலோகத்துக்கும் அதே எழுத்துகள்தான், அதைத்தான் லெட் என்பார்கள்.

வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். காலையில் போன் செய்து சாயங்காலமே வேண்டும் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் முறையாக ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது?

"வீ நீட் அட் லீஸ்ட் த்ரீ டேஸ் லீட் டைம் ஃபார் கஸ்டம் கேக்ஸ்" என்று போடுங்கள். மரியாதையான வாக்கியம், கறாராகவும் இருக்கும். எழுதும்போது 'டேஸ்' முடியும் எஸ்ஸுக்குப் பின்னால் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) வரும். "எ த்ரீ-டே லீட் டைம்" என்று எழுதினால் 'டே' ஒருமையிலேயே நிற்கும். "எ லீட் டைம் ஆஃப் த்ரீ டேஸ்" என்பதும் சரிதான். கூடவே ஒன்று சேருங்கள்: மூன்று நாள் எப்போதிலிருந்து? அட்வான்ஸ் வந்த நேரத்திலிருந்து என்றால் அதையும் எழுதிவிடுங்கள். ஞாயிறு விடுமுறை என்றால் "ஒர்க்கிங் டேஸ்" என்று போடுங்கள்.

தையல் லைன் சூப்பர்வைசர் நான். ஒரு டி-ஷர்ட் தைக்கச் சில நிமிடம்தான் ஆகிறது. அப்புறம் எப்படி லீட் டைம் மாதக்கணக்கில் போகிறது?

இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு ஃபேக்டரியும் கேட்டுக்கொள்ள வேண்டும். தைக்க ஆகும் நேரம் வேறு, லீட் டைம் வேறு. டாக்டர் நம்மைப் பார்ப்பது ஐந்து நிமிடம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இரண்டு மணி நேரம் என்பது போலத்தான். நூல் வரக் காத்திருப்பு, டையிங்கில் வரிசை, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) முடிந்து கட்டிங் டேபிள் காலியாகக் காத்திருப்பு, ஒரு லேபிள் வராமல் பேக்கிங் நின்றுபோவது... துணி வேலையில் இருக்கும் நேரத்தைவிடச் சும்மா கிடக்கும் நேரம்தான் அதிகம்.

இதற்கு எளிய கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்தது. உங்கள் லைனுக்குள் 6,000 பீஸ் இருக்கிறது, தினமும் 1,000 பீஸ் வெளியே வருகிறது என்றால், சராசரியாக ஒரு பீஸ் உள்ளே நுழைந்து வெளியே வர 6 நாள். உள்ளே நிற்பதை 3,000 ஆக்கினால், வெளியே வருவது குறையாதவரை, 3 நாள்தான். புது மெஷின் வாங்குமுன் மேசைகளுக்கு நடுவில் குவிந்திருக்கும் பண்டல்களை எண்ணிப் பாருங்கள்.

மளிகைக் கடைக்கு இது உதவுமா?

நன்றாகவே உதவும். ஒரு எண்ணெய் தினம் 10 பாக்கெட் போகிறது, டீலர் கொண்டுவர 7 நாள் ஆகும் என்றால், 70 பாக்கெட் மிச்சம் இருக்கும்போதே ஆர்டர் போட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். தீபாவளி நேரத்தில் விற்பனையும் ஏறும், டீலரின் 7 நாளும் நீளும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புயல் செய்திகளிலும் லீட் டைம் என்று வருகிறதே? நாகப்பட்டினத்தில் ஆசிரியராக இருக்கிறேன்.

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான லீட் டைம். எச்சரிக்கை கைக்கு வந்ததிலிருந்து ஆபத்து வரும்வரை இருக்கும் காலம். இந்திய வானிலை ஆய்வுத் துறை கரையோரத்துக்கு 72 மணி நேரம் முன்பே முதல் கட்டத் தகவல் தருகிறது. குறைந்தது 48 மணி நேரம் முன்பு புயல் உஷார், 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை, 12 மணி நேரம் முன்பு கரை கடந்த பிறகு என்ன ஆகும் என்ற கணிப்பு என்று படிப்படியாக வரும். படகை மேலேற்றவும் முதியவர்களை முகாமுக்கு அழைத்துப் போகவும் அந்த மணி நேரங்கள்தான் நமக்கு உள்ளவை.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி சுமாருக்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம். நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நேரம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது, 2007-ல். உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். நிலநடுக்க மையத்துக்குப் பக்கத்தில் இருந்த நிக்கோபாருக்கு இந்த அவகாசம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே தரை ஆடுவதே எச்சரிக்கை.

சப்ளையர் எட்டு வாரம் என்கிறார். குறைக்கச் சொல்லி எழுதுவது எப்படி?

"ப்ளீஸ் ரெட்யூஸ்" என்று மட்டும் எழுதினால் "நாட் பாசிபிள்" என்று வரும். எங்கே நேரம் போகிறது என்று கேளுங்கள்: "விச் ஸ்டெப் டேக்ஸ் தி லாங்கஸ்ட்?" நூலுக்குத்தான் காத்திருக்கிறார் என்றால் நூலை இன்றே புக் செய்ய முன்பணம் கொடுக்கலாம். அதுவும் முடியாதென்றால் "கேன் யூ ஷிப் ஹாஃப் தி குவான்டிட்டி ஃபர்ஸ்ட்?" என்று கேளுங்கள். பாதிச் சரக்காவது முன்னால் வந்துவிடும்.