டாக்டர் நேரில் பார்க்காமல் போட்டோ மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: 29 வாரத்தில் பிறந்த என் மகளுக்கு ஐந்தாவது வாரத்தில் கண்ணில் கேமரா வைத்துப் படம் எடுத்தார்கள். எடுத்தது டெக்னீஷியன். வெளியூர் கண் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ரத்தநாளம் முழுசா வளரல, ரெண்டு வாரத்தில் மறுபடி எடுங்க" என்றாராம். இதை நம்பலாமா? டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம், திரும்பப் போயே ஆக வேண்டுமா?

பதில்: நம்பலாம். போயே ஆக வேண்டும்.

விழித்திரையின் ரத்தநாளங்கள் கர்ப்பத்தின் 16-வது வாரத்தை ஒட்டி நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி வளரும். மூக்குப் பக்கம் முடிய 36 வாரம், காதுப் பக்கம் முடிய 40 வாரம் ஆகும். உங்கள் மகள் 29-லேயே வந்துவிட்டாள், மிச்ச வளர்ச்சி வெளியில்தான் நடக்கிறது. அது தடம் மாறி ஓரத்தில் தாறுமாறாகப் புது நாளங்கள் முளைத்தால் அதுதான் ஆர்ஓபி (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்), முற்றினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

படத்தை டெக்னீஷியன் எடுப்பதில் தப்பில்லை, முடிவு சொல்வது டாக்டர்தானே. ரெட்கேம் போன்ற கேமரா ஒரே படத்தில் 130 டிகிரி வரை காட்டும். நடுப்பகுதி நாளங்கள் வீங்கி, புழு மாதிரி நெளிந்திருந்தால் படத்திலேயே தெரியும். போன தடவை எடுத்ததோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியும், நேரில் மட்டும் பார்த்தால் இந்த வசதி கிடையாது. கடைக்கோடி ஓரம் சில சமயம் படத்தில் சிக்காது, படம் மங்கலாகவும் வரலாம். அப்போது டாக்டர் நேரில் பார்த்தாக வேண்டும்.

சரி, எனக்குக் கவலை கேமராவைப் பற்றி இல்லை, அந்தத் தேதியைப் பற்றித்தான். கர்ப்ப வாரக் கணக்கிலேயே எண்ணினால், 29-ம் ஐந்தும் 34. இரண்டு வாரம் கழித்தால் 36. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றுவது பெரும்பாலும் 37-வது வாரத்தை ஒட்டித்தான். அந்தக் கட்டம் வந்துவிட்டால் லேசரோ ஊசியோ 48 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க கண் பளிச்சென்றுதான் இருக்கும், "நல்லாத்தானே பார்க்கிறா" என்று இருந்துவிடாதீர்கள்.

இமையை விரித்து வைக்கும் கம்பியைப் பார்த்தால் பெற்றவர்களுக்கு உயிரே போய்விடும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஜெல் தடவிய பிறகுதான் கேமரா கண்ணைத் தொடும், அதுவும் சில நிமிடம்தான். அழுவாள், மூச்சும் நாடித்துடிப்பும் கொஞ்சம் தடுமாறலாம், அதனால்தான் நர்ஸ் பக்கத்திலேயே இருப்பார். அப்புறம், கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுத்துவிடாதீர்கள், வாந்தி எடுப்பாள். கடைசியாக எப்போது கொடுக்கலாம் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.